வெயிலையும் எழுதியவர்

ஈப்போவுக்கு அப்பால், குடும்பங்கள் எல்லாம் வெளியேறிவிட்ட ரப்பர் தோட்டத்தில் அவர் ஜாகாவாக, காவல் வேலையில், இருந்தார். மெலிந்த உடல், எப்போதும் ரப்பர் பூட்ஸ். தினமும் காலையில் மழைமானியை அளந்து, மாதம் ஒருமுறை எங்கள் வானிலை அலுவலகத்துக்குக் கணக்குத் தாள் அனுப்புவார். ஓரத்தில், யாரும் கேட்காத பிற்பகல் வெப்பத்தையும் குறித்திருப்பார்.

ஒருமுறை அவர் எழுதிய மழையளவு, மானி கொள்ளக்கூடியதைவிட அதிகமாக இருந்தது. பொய் என்று முடிவுசெய்து, மானியை எடுத்துவர என்னை அனுப்பினார்கள்.

“நெறைஞ்சிருச்சு தங்கச்சி. மழையிலேயே நின்னு, அளந்து ஊத்திட்டு மறுபடி வெச்சேன் லா. வெயில் காஞ்ச அன்னிக்குத்தான் இப்படி மொத்தமா கொட்டுது.”

“யாராவது பாத்தாங்களா அண்ணே?”

“இங்க யாரு இருக்கா?” என்று சிரித்தார். “இதையும் எடுத்துட்டா காலையில எனக்கு என்ன வேலை?”

பழைய தாள்களைப் புரட்டினேன். பெருமழைகளுக்கு முன்னால் பெரும்பாலும் கொதிக்கும் பிற்பகல்கள். அவரை நம்பினேன். ஆனாலும் மானியைக் கழற்றினேன். அதைக் கழுவித் துடைத்து அவரே வண்டியில் வைத்தார்.

அடுத்த மாதமும் தாள் வந்தது. மழைக்கான கட்டங்கள் காலி. ஓரத்தில் வெயிலின் சூடு மட்டும் ஒரு நாள் விடாமல் இருந்தது. அதை எந்தக் கோப்பில் வைப்பதென்று எனக்கு இன்றும் தெரியவில்லை.