எண்ண முடியாத தலைமுடி

கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் கையில் முடி வெட்டும் கத்தரிக்கோல்தான். பிள்ளைகள் வளர்ந்து அவரவர் பாட்டைப் பார்த்துக்கொண்ட பிறகு, பெரிய ஓட்டல் ஒன்றின் அழகு நிலையத்தில் சேர ஆசைப்பட்டாள். அங்கே வெளிநாட்டுக்காரர்கள் வருவார்களாம். அதனால் ஆங்கிலத்தில் எழுத்துத் தேர்வு உண்டு. பள்ளியில் ஆங்கிலம் நடத்தும் தங்கையைப் பிடித்தாள். அன்றோடு இரண்டு பேர் நிம்மதியும் போயிற்று.

“ஹேர் எண்ண முடியாத பெயர்ச்சொல், அக்கா. பன்மைன்னு எஸ் போடக்கூடாது.”

“எண்ண முடியாதா? நேத்து ஒரு அம்மா நரைச்சதை மட்டும் ஒண்ணொண்ணா எடுக்கச் சொல்லி உயிரை வாங்கினாங்க.”

“அப்படி ஒண்ணொண்ணா எடுத்தா எஸ் போடலாம்.”

“இப்பத்தானே போடக்கூடாதுன்னு சொன்னே?”

“தலை முழுக்க இருந்தா போடக்கூடாது. உதிரியா நாலு இருந்தா போடலாம்.”

“அப்போ வழுக்கைக்காரருக்கு?”

தங்கை பேனாவை மூடிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அடுத்த வாரம் பாடத்தில் ஃபர்னிச்சர் வந்தது. நாற்காலியை எண்ணலாம், ஃபர்னிச்சரை எண்ணக்கூடாது. அவள் தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தட்டினாள்.

“இது ஃபர்னிச்சர் இல்லையா?”

“ஃபர்னிச்சர்தான்.”

“அப்புறம் என்ன?”

“நானா கண்டுபிடிச்சேன்? என்கிட்ட ஏன் சண்டைக்கு வர்றே?”

முதல் தேர்வில் தோற்றாள். தங்கை விடைத்தாளைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டாள். “கஸ்டமருக்குக்கூட எஸ் போடலையேக்கா. ஆளை எண்ண முடியாதா?”

“பயத்துல எல்லாத்துலயும் எடுத்துட்டேன்.”

சில நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அவள் கணவர்தான் இங்கும் அங்கும் சேதி சொல்லி அலுத்துப்போனார். கடைசியில் தங்கையே இறங்கி வந்தாள்.

“‘மெனி’ போடறதா, ‘மச்’ போடறதான்னு குழம்பாதே. ‘எ லாட் ஆஃப்’னு போடு. எண்ணுறது, எண்ணாதது ரெண்டுக்கும் சேரும்.”

அவள் தங்கையையே வெறித்துப் பார்த்தாள். “இதை முதல் நாளே சொன்னா என்னடி?”

“இலக்கணம் புரியட்டும்னு பார்த்தேன்.”

“புரிஞ்சது தலைவலிதான்.”

தலைவலியை எண்ணலாம் என்று நாக்கு நுனி வரை வந்ததைத் தங்கை விழுங்கிக்கொண்டாள்.

இரண்டாவது தடவை மயிரிழையில் தேறினாள். ஓட்டலில் அவளிடம் வந்த முதல் வெளிநாட்டுப் பெண்மணி, எவ்வளவு வெட்ட வேண்டும் என்று இரண்டு விரலை வைத்துக் காட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். எழுந்து போகும்வரை வாயே திறக்கவில்லை.

சாயங்காலம் தங்கைக்குப் போன் போட்டாள்.

“ஒரு வார்த்தை இங்கிலீஷ் பேசலைடி. எதுக்கு இத்தனை பாடு?”

“நான் நோட்டு திருத்திட்டிருக்கேன்க்கா, அப்புறம் பேசறேன்” என்று தங்கை போனை வைத்துவிட்டாள்.