குவாரிக் குழிமேல் ஓர் ஊர்: நெருளில் அரைநாள்

தரை இறங்குகிறது என்பதற்காக ஓர் ஊரையே கிளப்பி வேறிடத்தில் கொண்டுபோய் வைக்க முடியுமா? ஒரு மாதமாக இந்தக் கேள்வி என்னை அரித்துக்கொண்டிருந்தது. கிளப்பிவிட்டவள் எங்கள் ஆபீஸ் கவிதா. அவள் வீடு நெருளில், மலையடிவாரத்தில், பழைய கல் குவாரி இருந்த இடத்தில். அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் திருநெல்வேலிப் பக்கமிருந்து கல் உடைக்க வந்த குடும்பங்கள். குழியில் கல் தீர்ந்ததும் மண்ணையும் கல்தூளையும் கொட்டி மூடி, அதன் மேலேயே வீடு கட்டிக்கொண்டார்கள். இப்போது மழைக்கு மழை தரை உள்ளே போகிறது. ஆபத்தான வீடுகளை அரசாங்கத்தில் பட்டியலிட்டு, இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஏழுமாடிக் கட்டடத்தில் ஆளுக்கொரு வீடு கொடுக்கிறார்கள். "சனிக்கிழமை கடைசி சர்வே, வந்து பாருங்கக்கா" என்றாள். ஊர் சுற்ற எனக்குச் சாக்கு கிடைத்தால் போதாதா?

திலக் நகரில் காலை 8.12க்குப் பன்வெல் லோக்கல் பிடித்தேன். டிக்கெட் பதினைந்து ரூபாய், உட்கார இடமும் கிடைத்தது (வாரநாளில் இதை எதிர்பார்க்காதீர்கள்). நெருளில் இறங்கும்போது 8.45. ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் மூன்றரை கிலோமீட்டர், மீட்டர் அறுபத்திரண்டு ரூபாய் காட்டியது. கடைசி இருநூறு மீட்டருக்கு டிரைவர் வரவில்லை. போன வாரம் அந்தச் சந்தில் ஒரு டெம்போவின் பின்சக்கரம் அப்படியே இறங்கிவிட்டதாம். அதைச் சொல்லிவிட்டு மீதிச் சில்லறையைக்கூடத் தேடாமல் வண்டியைத் திருப்பினார்.

கவிதா சந்து முனையில் காத்திருந்தாள். கதவுக்குக் கதவு சிவப்புப் பெயின்டில் ஓர் எண். எண் இருந்தால் பட்டியலில் பெயர் இருக்கிறது, புது வீடு உண்டு. சந்தின் நடுவே முக்கால் அடி உயரத்தில் ஒரு படி. "போன வருஷம் இந்தப் படியே கிடையாதுக்கா" என்றாள். யாரும் கட்டியதல்ல, பாதிச் சந்து கீழே போனதால் வந்தது. நான் இரண்டு முறை ஏறி இறங்கிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்ததில் தப்பில்லை.

கவிதா வீட்டுக் கதவில் மட்டும் எண் இல்லை. உள்ளே இளஞ்சிவப்புச் சுவர்கள் வழவழவென்று இருந்தன. நான் மெச்சியதும் அவளுடைய அம்மா முத்துலட்சுமியின் முகம் சுண்டிவிட்டது. விஷயம் இதுதான். கவிதாவைப் பெண் பார்க்கத் தாராவியிலிருந்து வருகிறார்கள் என்றதும், விரிசலையெல்லாம் சிமென்ட் வைத்துப் பூசி, பெயின்ட் அடித்துவிட்டார். சம்பந்தம் பேசி முடிந்தது. அடுத்த வாரமே சர்வேக்கு வந்தவர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, வீடு நன்றாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். இன்றும் விடுபட்டால் புது வீடு கிடையாது.

10.40க்கு அதிகாரி வந்தார். சுவரைப் பார்த்து, தரையைப் பார்த்து, இதற்கென்ன குறை என்று இந்தியில் கேட்டார். விரிசல் இருந்தது என்று கவிதா சொன்னாள். வாயால் சொன்னால் எழுத முடியாது, சுவரை உடைத்துக் காட்டினாலும் ஏற்க முடியாது, காலையிலேயே வேறு இரண்டு வீடுகளில் வேண்டுமென்றே சுத்தியலால் உடைத்து வைத்திருந்தார்கள் என்றார் அதிகாரி. வாசலில் சந்தே கூடியிருந்தது. முத்துலட்சுமி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"நாந்தான் பூசுனேன் சார். வெடிச்ச வீடுன்னு தெரிஞ்சா எம்பொண்ண எடுப்பாங்களா?"

கவிதா அதை ஒரு வார்த்தை குறைக்காமல் இந்தியில் சொன்னாள். எனக்குத்தான் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

பிறகு முத்துலட்சுமி ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்தார். குவாரியில் வெடி வைக்கத் துளை போடுவதற்கு முன்னால், பாறைக்குள் வெடிப்பு இருக்கிறதா என்று தண்ணீர் ஊற்றித்தான் பார்ப்பார்களாம். அறை நடுவில் ஊற்றினார். தண்ணீர் வாசல் பக்கம் வரவில்லை. பின்மூலைக்கு ஓடி, சுவரும் தரையும் சேரும் இடத்தில் மயிரிழை இடைவெளிக்குள் போய்விட்டது. இரண்டாவது குடம், மூன்றாவது குடம். கவிதா வீட்டின் பின்பக்கம் ஓடிப் பார்த்துவிட்டு, அங்கே சொட்டுத் தண்ணீர் இல்லை என்றாள். இவ்வளவு தண்ணீரும் எங்கே போயிற்று என்று அதிகாரி கேட்டார். அவர் பையை எடுத்துக்கொண்டு வேகமாகச் சந்துக்கு வந்தார். அங்கே நின்றுதான் பட்டியலில் பெயரை எழுதினார், கதவில் எண் போடச் சொன்னார். இனி இங்கே தங்க வேண்டாம் என்றும் சொன்னார்.

சந்தில் ஒரே சந்தோஷம். கவிதா அங்கேயே நின்று மாப்பிள்ளைக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள். தாராவியில் எங்கள் வீட்டுச் சுவரை நீ பார்த்ததில்லையா என்று கேட்டாராம் அவர்.

நீங்கள் போவதானால் காலையிலேயே போங்கள், மழை பெய்தால் வேண்டாம். தெரிந்தவர் துணையில்லாமல் உள்ளே நுழைய வேண்டாம். தரை இறங்கியதால் கயிறு கட்டித் தடுத்திருக்கும் இடத்தைத் தாண்டவே கூடாது. வீடுகளைப் படம் எடுக்கும் முன் கேளுங்கள். சந்து முனையில் வடாபாவ் பதினெட்டு ரூபாய், நன்றாகவே இருக்கிறது. ஆட்டோவுக்கு மெயின் ரோடுவரை நடக்க வேண்டும்.

சான்பாடாவில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போக முத்துலட்சுமி மூட்டை கட்டினார். நானும் கை கொடுத்தேன். எல்லாம் நல்லபடி முடிந்ததே என்றேன். அவர் கவிதாவின் பாயைச் சுருட்டிக்கொண்டே, அவள் காதில் விழாமல் சொன்னார்.

"தண்ணி போச்சுல்லா, அந்த மூலையிலதான் இவ படுப்பா. சுவரு புதுசா இருக்குன்னு நாந்தான் அங்க படுக்கச் சொன்னேன்."