அரக்குப் புடவையும் அழுத நாயகனும்

எங்கள் சூப்பர்ஹீரோ ரசிகர் குழுவில் முப்பது பேர். ஜரிகை, தறி, பட்டுக்கடை என்று பிழைப்பவர்கள். பாதிப் பேருக்குத் தலை நரைத்துவிட்டது. வாட்ஸ்அப்பில் நான்தான் தலைவன். பட்டுக்கடையில் இருபது வருடமாகப் புடவை விரிப்பவன், எதையும் விற்றுவிடுவான் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. எனக்கும்தான்.

எங்கள் நாயகன் படத்தின் நான்காவது பாகம் வெளியானது கருட சேவைத் திருவிழா அன்று. "எல்லாரும் ஊர்லதான் இருப்போம், அப்படியே மதியக் காட்சிக்குப் போயிடலாம்பா" என்று டிக்கெட் எடுக்க வைத்தது சாட்சாத் நான். விடியும் முன்பே கோபுர வாசலில் நின்று, வெயிலில் சாமி பின்னாலேயே நடந்து, கால் வீங்கி வந்து உட்கார்ந்தார்கள். முந்தைய மூன்று பாகமும் ஒரே கூத்து. இதிலோ நாயகன் இடைவேளைக்கு முன்பே தாயைப் பறிகொடுத்துவிட்டு, மீதிப் படத்தில் வாயே திறக்கவில்லை. தியேட்டரில் கேட்டதெல்லாம் குறட்டை.

அன்று மாலை குழுவில் எனக்குக் கருமாதி நடந்தது. "பறக்கும்போதுகூட அழுதுக்கினே போறான், இவன்லாம் ஹீரோவாபா?" என்று ஆரம்பித்து வைத்தார் ஜரிகைக் கடைக்காரர்.

கல்லூரியில் படிக்கும் என் மகளும் குழுவில் உண்டு. படம் நல்ல படம், நாம் போன நாளும் சிரிக்கத் தயாராகப் போன மனசும்தான் தப்பு என்று நீளமாக எழுதினாள். அவள் மேல் பாய்ந்தார்கள். நான் என்ன செய்தேன்? வீரமாக, அவள் எழுதியதை அழித்தேன். போனை அணைத்து அரிசி டிரம்முக்குள் புதைத்தேன். முப்பது பேரும் அரிசி வழியாக ஏறி வந்துவிடுவார்கள் என்பதுபோல மூடிமேல் உட்கார்ந்தும் கொண்டேன்.

மகள் வந்து நின்றாள்.

"ஏம்பா, பளபளன்னு பத்து புடவை காட்டிட்டு, அடுத்தது அரக்கு புடவைய விரிச்சா இன்னா ஆவும்?"

"டல்லா இருக்குதுன்னு தள்ளிடுவாங்க."

"அதுக்கு நீ இன்னா பண்ணுவ?"

"நடுவுல ஒரு வெள்ளை வேட்டிய விரிச்சுட்டு, தண்ணி குடிங்கம்மான்னுவேன். கண்ணு ஆறணும்ல."

"இவங்களுக்கு வேட்டி விரிச்சியா?"

இருபது வருடத் தொழில். மூடியிலிருந்து எழுந்தேன்.

அரிசியைத் தட்டிவிட்டுக் குழுவில் எழுதினேன்: "என் பொண்ணு எழுதுனத அழிச்சது நான்தான். பயத்துல. அவ சொன்னதுதான் சரி. கடை லீவு அன்னிக்கு மறுபடி போறோம். நல்லா தூங்கிட்டு வாங்க. இதுல சிரிப்பு கிடையாது, அம்மாவ இழந்தவன் கதை." அவள் எழுதியதை அவளிடமே கேட்டு வாங்கி, கீழே மறுபடி போட்டேன்.

பன்னிரண்டு பேர் வந்தார்கள். திரையைப் பார்க்காமல் ஜரிகைக் கடைக்காரரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தாய் போகும் இடத்தில் அவர் தோள் துண்டை எடுத்தார்.

"இன்னாண்ணே, அழுவுறீங்களா?"

"ஏசி ஒத்துக்கல, சும்மா இருபா."

அன்று ஏசி ஓடவில்லை.

வெளியே வந்ததும் சொன்னார்: "அடுத்த பாகம் எப்ப வருதுன்னு உன் பாப்பாவ கேளு. அன்னிக்குத் திருவிழா ஏதாச்சும் இருக்குதான்னும் பாக்கச் சொல்லு. டிக்கெட்ட அதுவே எடுக்கட்டும். நீ கைய வெச்சிடாத."

என் தலைவர் பதவி அங்கேயே, சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்தில் போய்விட்டது. சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

"கேட்டுப் பாக்கறேண்ணே," என்றேன். "அவங்க கொஞ்சம் பிஸி."