பலகையோடு போக வேண்டியது

அத்தைக்கு, அதாவது அப்பாவின் தங்கைக்கு, திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையின் டெலிபோன் பலகையில் வேலை. அப்பா அங்கேயே பட்டறையில் ஃபிட்டர். ராயபுரத்திலிருந்து இருவரும் சேர்ந்தே போவார்கள். அந்தப் பலகையை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். எந்த அறையிலிருந்து யார் கூப்பிட்டாலும் அதற்குரிய சின்ன மூடி படக்கென்று விழும். அத்தை ஒயரைச் செருகி, கான்வென்ட் இங்கிலீஷில் விசாரித்து, வேண்டிய இடத்துக்கு இணைத்துவிடுவாள். காதில் விழுவதை வெளியே சொல்வதில்லை என்று பைபிளைத் தொட்டுச் சத்தியம் செய்துவிட்டுத்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். பாவசங்கீர்த்தனத்தில் ஊரார் பாவத்தையெல்லாம் கேட்டு வைத்துக்கொள்கிற சாமியார்கூட இந்த விஷயத்தில் அவளிடம் தோற்றுப்போவார்.

வேலைநிறுத்தம் தொடங்குவதாக இருந்த நாள் அது. விடிந்து பார்த்தால் அப்பாவின் காக்கி உடுப்பு இரண்டும், கோயிலுக்குக் கட்டும் வேட்டியும் சலவைச் சோடாத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தன.

"இன்னா காரியம் பண்ணிக்கீறே? துண்டோட போய் கேட்டாண்ட நிக்கவா?" என்று அப்பா குதித்தார்.

"அழுக்கா கீது, ஊறட்டும்ணே," என்றாள் அத்தை.

அப்பாவோடு ஒரே பட்டறையில் வேலை செய்த பக்கத்து வீட்டு மாமா வாசலில் வந்து நின்றார். "நீ முன்னாடி போ மாமு, நான் பின்னாலயே வந்துடறேன்," என்று அப்பா உள்ளிருந்து கத்தினார். அத்தை வாசல்வரை ஓடினாள். வாயைத் திறந்தாள்.

"சாப்ட்டுப் போயேண்ணே," என்று மட்டும் சொன்னாள்.

மாமா சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

ஈரத் துணியைப் பிழிந்து மாட்டிக்கொண்டு அப்பா போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. காத்திருந்த போலீஸ், கேட்டை மறித்தவர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தது. அத்தனை பேருக்கும் வேலை போயிற்று, மாமாவுக்கும்தான். தோஸ்தைத் தனியே விட்டவன் என்ற பேரை வாங்கிக் கொடுத்துவிட்டாள் என்று அப்பா வெகுநாள் அத்தையோடு பேசவில்லை. நானும் அப்பா கட்சிதான். வேலைநிறுத்தத்துக்கு முந்தின நாள் மானேஜரைப் போலீசோடு இணைத்துக் கொடுத்தது தான்தான் என்று அத்தை எனக்குச் சொன்னது, அவள் ஓய்வுபெற்று, அப்பாவும் காலமான பிறகு.

மாமாவைப் போலீஸ் பிடித்துப்போன அன்று சாயங்காலம் அவர் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்து அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"உங்கண்ணனாச்சும் தப்பிச்சாரே, மாதா காப்பாத்திச்சு."

அத்தை கையை வெடுக்கென்று உருவிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அழுகிறவளிடம் இப்படியா நடந்துகொள்வது, இவளுக்கு மனசே கிடையாதா என்று எனக்கு அவள் மேல் ஆத்திரமாக வந்தது.