நைஸான மனிதர்

அகராதி அச்சிடும் நிறுவனத்தில் அவருக்கு ‘உதாரணம்’ என்று பட்டப்பெயர். ஒரு சொல்லுக்கு எவ்வளவு அழகாகப் பொருள் எழுதிக் கொடுத்தாலும், யாராவது எங்காவது அதை அப்படிச் சொன்னதற்கு ஒரு வாக்கியம் கொண்டுவரும்வரை கையெழுத்துப் போடமாட்டார். மேலாளர் வந்து நின்றாலும் பாச்சா பலிக்காது. மற்றபடி தங்கமான மனிதர். யாரிடமும் அதிர்ந்து பேசியதில்லை.

அந்த வாரம் அவர் மேஜைக்கு ‘நைஸ்’ வந்திருந்தது. நாம் வாய்க்கு வாய் சொல்லும் அந்த ஆங்கிலச் சொல்லின் பூர்வீகம் அவ்வளவு மரியாதையானது இல்லை. லத்தீனில் ‘அறியாத’ என்று பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் ‘முட்டாளான’ என்று நுழைந்திருக்கிறது. பிறகு ‘எதற்கெடுத்தாலும் நொட்டை சொல்கிற’ என்றாகி, பிறகு ‘நுணுக்கமான’ என்றாகி, கடைசியில்தான் ‘இனிமையான’ என்று ஆகியிருக்கிறது. இத்தனை வேஷம் போட்ட சொல்லை அவர் லேசில் நம்புவாரா?

நேரம் பார்த்து மகள் வந்து நின்றாள். கூட வேலை பார்ப்பவரைக் கல்யாணம் செய்துகொள்ள அவளுக்கு விருப்பம். வீட்டுக்குப் பேச வரலாமா என்று பையனுடைய பெற்றோர் கேட்டிருந்தார்கள். அன்றைக்கே பதில் சொல்லியாக வேண்டும்.

“பையன் எப்படிம்மா?”

“ரொம்ப நைஸ்ப்பா.”

“ஒரு உதாரணம் சொல்லு.”

“அப்பா, இது உங்க ஆபீஸ் இல்ல.”

“சும்மா சொல்லேன்.”

“கோபமே வராது. யாரையும் ஒண்ணும் சொல்லமாட்டாரு. எதுக்கும் குறுக்க நிக்கமாட்டாரு.”

“அதெல்லாம் அவர் செய்யாதது. உனக்குன்னு என்ன செஞ்சாரு?”

“அது வந்து…” என்று இழுத்தாள் மகள். துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

“ஏன் அவளைப் போட்டுக் குடையறீங்க? உங்களையும் நைஸுன்னு சொல்லித்தான் எனக்குக் கட்டிவெச்சாங்க. உதாரணம் கேட்டா இன்னைக்கு வரைக்கும் எங்கிட்ட ஒண்ணும் இல்ல. நான் குடும்பம் நடத்தலையா?”

மகளுக்குப் பரிந்துதான் சொன்னாள். குரலில் கோபமும் இல்லை, குறையும் இல்லை. அடுத்த சட்டையை எடுத்து உதறினாள். அவருக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. மறுத்துச் சொல்ல ஏதாவது ஒரு நாள், ஒரு காரியம் அகப்படுமா என்று துழாவினார். காய்ச்சலோடு அவள் அடுப்படியில் நின்ற நாட்களில்கூட, ‘அவசரமில்ல, மெதுவா செய்’ என்றுதான் சொல்லியிருக்கிறார்.

மகள் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போனை எடுத்தாள்.

“அவங்களை இப்போ வரவேண்டாம்னு சொல்லிடறேன்ப்பா.”

“ஏன்டி, நான்தான் உன் பக்கம் பேசினேனே!” என்று அம்மா பதறினாள்.

காரணத்தை அம்மாவிடம் சொல்ல மகளுக்கு மனம் வரவில்லை. அவருக்கும் வரவில்லை.