ஹமர்ஃபெஸ்டிலிருந்து வாட்சோவுக்கு எவ்வளவு நேரம்?

விமான ரிக்கற் போட்டுக்கொடுக்கும் தொழிலில் கஷ்டம் விமானத்தால் வருவதில்லை. ஏறப் போகிறவரால் வருகிறது. நான் பாரிசில், ரூ காய் தெருவில் கடை திறந்தது 2009இல். என்னைப்போலவே கதிரையில் மாட்டிக்கொண்டு வாடிக்கையாளரிடம் அவதிப்படுகிறவர்களே, நீங்களாவது இதைக் கேட்டு இரக்கப்படுங்கள்.

விரலால் அளந்த தூரம்

எதிர் உணவகத்தில் சமைக்கும் தவம் அண்ணைக்கு அந்த மார்கழியில்தான் அகதிகளுக்கான பிரயாணப் பத்திரம் கிடைத்தது. நோர்வேயின் வடக்கு நுனியில், வாட்சோவில், தங்கை வீட்டில் இருக்கும் அம்மாவை அவர் கண்டு பதினெட்டு வருடம். முதலாளி கொடுத்த கொஞ்சே, அதுதான் லீவு, நாலே நாள். நேரே அம்மாவிடம் போகச் சொன்னேன். மாட்டாராம். மூத்த தமையன் ஹமர்ஃபெஸ்டில் மீன் பக்டரியில் வேலை. முதலில் அவர் வீட்டில் சாப்பிடாமல் போனால் மரியாதை இல்லையாம்.

சுவரிலிருந்த வரைபடத்தில் இரண்டு ஊருக்கும் நடுவில் விரலை வைத்தார். "ஒரு விரல்தான். அண்ணையின்ரை காரிலை போயிடுவன்."

காரில் ஒரு பகல் முழுக்கப் போகும், பனி கொட்டினால் பாதையையே மூடிவிடுவார்கள் என்றேன். நேரே பறந்தால் முக்கால் மணித்தியாலம். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு போகும் தூரம்கூட இல்லை. ஆனால் அந்தச் சின்ன விமானம் நேரே பறக்காது. ஊர் ஊராக இறங்கி ஏறி, இரண்டு மணித்தியாலம் எடுக்கும். தொண்டை வற்ற விளக்கினேன். அவர் யோசித்துவிட்டுக் கேட்டார்:

"இடையிலை ஏறுற சனம் வேலை முடிஞ்சு நாங்கள் கார்ஜுக்குப் போற ரெயின் மாதிரி நிண்டுகொண்டோ வருவினம்?"

சூரியன் வராத ஊர்

திங்கள் ஹமர்ஃபெஸ்ட், செவ்வாய் பின்னேரம் மூன்றேகாலுக்கு வாட்சோ, புதன் முழுநாளும் அம்மாவோடு, வியாழன் பாரிஸ். அழகாகத்தான் போட்டுக்கொடுத்தேன். மறுநாள் பலசரக்குக் கடைக் கலண்டரோடு வந்து நின்றார். செவ்வாய் மூன்று முதல் நாலரை வரை ராகுகாலமாம். புதன் காலைக்கு மாற்ற வேண்டுமாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சூரியன் உதிப்பதை வைத்துத்தானே ராகுகாலம், மார்கழியில் அங்கே சூரியனே எழும்பாதே அண்ணை என்றேன். காற்றடித்தால் விமானம் நின்றுவிடும், அம்மாவோடு இருக்கிற ஒரு நாளையும் கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்று கெஞ்சினேன். அவர் முகம் வெளிறிவிட்டது.

"அப்ப அங்கை நாள் முழுக்க ராகுகாலமோ, தங்கச்சி?"

நாற்பது நிமிடம்

மாற்றிக்கொடுத்தேன், வேறென்ன செய்வது? அவர் ஏறாத செவ்வாய் விமானம் குறித்த நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. புதன் ஹமர்ஃபெஸ்டில் புயல், ஒன்றும் பறக்கவில்லை. தவம் அண்ணை நிமிடத்துக்கு நிமிடம் எனக்கு ஃபோன் எடுத்தார். நான் வீதியைக் கடந்து போய் முதலாளியிடம் இன்னொரு நாள் கேட்டேன். முடியாது என்றுவிட்டார்.

வியாழன் காலை ஒருவழியாக வாட்சோவில் இறங்கினார். பாரிசுக்குத் திரும்பும் விமானம் அங்கிருந்து நாற்பது நிமிடத்தில். அம்மாவை விமான நிலையத்துக்கே கூட்டிவந்திருந்தார்கள். பதினெட்டு வருடத்துக்கு நாற்பது நிமிடம்! அவர் மேலிருந்த கோபத்தில் எனக்கு அழுகைதான் வந்தது.

திரும்பி வந்தவரிடம், அம்மா என்ன சொன்னா என்று கேட்டேன். கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, ஏன் செவ்வாய் வரவில்லை என்று விசாரித்தாவாம். காரணத்தைக் கேட்டதும் சொன்னாவாம்:

"நான் இஞ்சை வந்த நாளிலையிருந்து ராகுகாலமே பாக்கிறேல்லையடா. என்னட்டை ஒருக்காக் கேட்டிருக்கலாமே?"

இப்போதெல்லாம் எந்த ஊருக்கு எவ்வளவு நேரமென்று யார் கேட்டாலும், விமானத்துக்கான நேரத்தை மட்டும்தான் என்னால் சொல்ல முடியும் என்று முதலிலேயே கையெடுத்துக் கும்பிட்டுவிடுகிறேன்.