குரங்குகளுக்குப் புளியங்கொழுந்து தின்னக் கற்றுக்கொடுத்தவர்

வைரவன் அண்ணன் காலமான செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர் குடுமியான்மலை பஸ்ஸின் கண்டக்டர். பாதி முகத்தில் சவர நுரையோடு வாசலுக்கு வந்த என்னிடம், "ஒங்க பழைய ஹெட்கிளார்க் ஐயா தூக்கத்துலயே போய்ட்டாருங்க. அம்மா சொல்லச் சொன்னாங்க. பஸ் நிக்குது, வாரீங்களா?" என்றார். நுரையைத் துடைத்துக்கொண்டு அப்படியே கிளம்பிவிட்டேன். ஒரு கன்னம் வழவழவென்றும் மறு கன்னம் முள்ளாகவும் இருந்த என்னைப் பார்த்துப் பக்கத்து ஸீட்காரர் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். இதை அண்ணனிடம் சொன்னால் ஒரு மாதம் சிரிப்பாரே என்று நினைத்தேன். நினைத்த பிறகுதான் அழுகை வந்தது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 1948இல் எங்கள் சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு சேர்ந்தபோது, அரண்மனைச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த எங்களைப் பல ஆபீஸ்களுக்குப் பிரித்துப் போட்டார்கள். பத்திரப்பதிவு ஆபீஸில் அவர் ஹெட்கிளார்க், அவருக்குக் கீழே நான் குமாஸ்தா. திருக்கோகர்ணத்தில் அடுத்தடுத்த வீடு. இரண்டு கொல்லைக்கும் நடுவே ஒரு குட்டைச்சுவர். ஆபீஸில் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. பத்திரத்தில் ஓர் எல்லை விட்டுப்போயிருந்தால் எழுதியவரை நிற்கவைத்தே உலர்த்திவிடுவார். அப்பேர்ப்பட்டவர் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றியதும் கொல்லையில் குரங்குகளுக்குப் பந்தி பரிமாறுவார்.

முதலில் வந்தது கால் ஒடிந்த ஒரு பெண் குரங்கு. கோயில் பாறையிலிருந்து தவறி விழுந்திருக்க வேண்டும். அதற்கு ஒரு பிடி சோறு வைத்தார். அதன் கால் சரியாயிற்று, சோறு நிற்கவில்லை. கொஞ்ச நாளில் அதன் சொந்தபந்தம் முழுவதும் சுவரேறி வந்துவிட்டது. விசாலாட்சி அண்ணி அவற்றுக்கென்று தனியாக உலை வைக்கும்படி ஆயிற்று. வெள்ளிக்கிழமை என்றால் பொங்கல். அமாவாசை என்றால் வடை.

"அண்ணே, காட்டுல திரியிற பிராணியை இப்படிப் பழக்காதீங்க. அதுகளுக்கும் நல்லதில்லை, நமக்கும் நல்லதில்லை" என்று நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று சொல்வேன்.

"பசிச்ச வாய்க்குப் போடுறதுல என்னங்க கெடுதல்? வாயில்லாச் சீவன் ஒரு பிடி தின்னா ஒங்களுக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

"வடகம் குறைஞ்சு போச்சு. மாடியில காயப்போட்டதுல ஒண்ணுகூட மிஞ்சலை."

"அதுல காரம் ஜாஸ்தியாம். ராத்திரியெல்லாம் தண்ணி குடிச்சுதுங்க" என்றார், கொஞ்சமும் கூசாமல். என் மனைவியின் கைப்பக்குவத்தைக் குரங்கின் வாய்மொழியாகக் குறை சொன்ன ஒரே மனிதர் அவர்தான்.

அவற்றுக்குப் பெயரும் வைத்திருந்தார், எல்லாம் உத்தியோகப் பெயர்கள். இருப்பதிலேயே பெரிய கடுவன் குரங்குக்குத் தாசில்தார் என்று பெயர். ஒருநாள் உண்மையான தாசில்தார் ஏதோ வேலையாக வீட்டுக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் கொல்லையிலிருந்து, "விசாலாச்சி, தாசில்தார் மறுபடி கையை நீட்டுறான். ரெண்டு வடையைப் போட்டு வெரட்டி விடு!" என்று குரல் கொடுத்தார். வந்தவர் காப்பி குடிக்காமலே போய்விட்டார். அந்த வருஷம் அண்ணனுக்கு வரவேண்டிய பிரமோஷனும் அவரோடு போய்விட்டது என்பது ஆபீஸில் எல்லோரும் அறிந்தது.

சில வருஷத்தில் குரங்குத் தாசில்தார் ஊதிப்போனான். குட்டைச்சுவரில் ஏற இரண்டு தரம் முயன்று, மூன்றாம் தரம் கதவு வழியாகவே வர ஆரம்பித்தான். மூச்சு இரைத்தது. அண்ணன் பயந்துபோய் மாட்டு டாக்டரை அழைத்துவந்தார். டாக்டர் எட்ட நின்று பார்த்தார். "இதுக்கு நோய் ஒண்ணும் இல்லீங்க. உக்காந்த எடத்துல சம்பளம் வருது, அதான். இன்னும் கொஞ்ச நாள் இப்படிப் போட்டீங்கன்னா இது கொரங்கா இருக்காது" என்றார். அண்ணன் அவரோடு ஒரு மாதம் பேசவில்லை.

மனிதரின் கண்ணைத் திறந்தது டாக்டரும் இல்லை, நானும் இல்லை. பொன்னமராவதியில் இருந்த மகளுக்குப் பிரசவம் என்று இருவரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனார்கள். தெருக்கோடி ஆலமரத்தில் அப்போது பழம் பழுத்துக் கொட்டிக்கொண்டிருந்தது. காக்கையும் மைனாவும் அங்கே கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டன. எங்கள் குரங்குகள் அந்தப் பக்கமே போகவில்லை. சுவரில் வரிசையாக உட்கார்ந்து, பூட்டிய அடுப்படியையே பார்த்துக்கொண்டிருந்தன. பசி தாங்காமல் கடைகளில் பிடுங்கித் தின்னப் போனபோது, ஒரு குட்டியை நாய்கள் கடித்துப்போட்டுவிட்டன.

திரும்பி வந்த அண்ணனிடம் அதை நான்தான் சொன்னேன். அவர் நேரே ஆலமரத்தடிக்குப் போனார். உதிர்ந்து கிடந்த பழத்தில் ஒன்றை எடுத்துப் பார்த்தார். "பழம் கெடந்துச்சா? கெடந்துமா தின்னலை?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. "அதுக்குப் பசியாத்துனேன்னு நெனச்சேன் மாணிக்கம். கையை ஒடிச்சுல்ல வச்சிருக்கேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அதற்குள் தெருக்காரர்கள் திரண்டுபோய் நகராட்சியில் முறையிட்டிருந்தோம். முன்னால் நின்றவன் நான். அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை. பொங்கல் கழிந்ததும் குரங்குகளைப் பிடித்து மலையில் விடுவதாகச் சொல்லிவிட்டார்கள். அண்ணன் முகம் வெளுத்துப்போயிற்று. "மலையில எங்கிட்டுப் போயிச் சாம்பார் தேடும்? ஒரு வாரத்துல செத்துப்போகுமே!" என்றார். பொங்கலுக்குள் அவை தாமாகத் தின்னப் பழக வேண்டும். இல்லாவிட்டால் சாவுதான். ஹெட்கிளார்க் வைரவன் பள்ளிக்கூடம் ஆரம்பித்தார்.

முதல் காரியமாக வீட்டுச் சோற்றை அவை வெறுக்க வேண்டும் என்று முடிவு செய்தார். அண்ணியிடம் வாயில் வைக்க முடியாதபடி சமைக்கச் சொன்னார்.

"இத்தனை வருசம் நான் சமைச்சதை நல்லாருக்குன்னு ஒருநா சொன்னதில்லை. இப்ப நல்லாருக்கக் கூடாதுங்கிறீக. எப்படித்தான் சமைக்கிறது?" என்று அண்ணி கேட்டதில் நியாயம் இருந்தது. உப்பில்லாமல் குழைத்து வைத்தார். குரங்குகள் அதை அள்ளி அண்ணன் மேலேயே எறிந்தன.

அடுத்த நாள் விடியற்காலை பல் துலக்கக் கொல்லைக்கு வந்தவன் ஆடிப்போய்விட்டேன். ஐம்பது வயது ஹெட்கிளார்க் வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு புளியமரக் கிளையில் உட்கார்ந்து கொழுந்து பறித்து மென்றுகொண்டிருக்கிறார். கீழே குரங்குகள் கூட்டமாக உட்கார்ந்து அவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கின்றன.

"அண்ணே! என்ன இது?"

"பேசாதீங்க. பாக்குதுங்க" என்றார். பிறகு குரங்குகளைப் பார்த்து, "ம்ம்... புளிப்பா, ருசியா இருக்கு!" என்று உரக்கச் சொல்லி நாக்கைச் சப்புக்கொட்டினார். முகம் அஷ்டகோணலாக இருந்தது.

இது தினமும் நடந்தது. ஒருநாள் இறங்கத் தெரியாமல் மேலேயே மாட்டிக்கொண்டார். ஆபீஸ் சாவி அவர் மடியில் இருந்ததால் பியூன் கருப்பையா தேடிக்கொண்டு வந்துவிட்டார். "ஐயா, கச்சேரி தொறக்கணும். பத்திரம் பதிய ஆளுங்க வந்து நிக்கிறாங்க" என்று மரத்தைப் பார்த்துக் கைகட்டி நின்று சொன்னார். அண்ணன் சாவியை மேலிருந்து போட்டார். கீழே விழுமுன் தாசில்தார் பிடித்துக்கொண்டான். அன்று பத்திரப்பதிவு மத்தியானத்துக்கு மேல்தான் ஆரம்பமானது.

ஊரே சிரித்தது. அவர் விடவில்லை. வயிற்றுப்போக்குக் கண்டு கஷாயம் குடித்துக்கொண்டே மரம் ஏறினார். பொங்கல் நெருங்கிய சமயத்தில், கால் ஒடிந்து வந்ததே, அந்தப் பெண் குரங்கின் குட்டி மெல்ல ஏறிவந்து, அவர் வாயில் பாதி தொங்கிய கொழுந்தைப் பிடுங்கித் தின்றது. பிறகு தானே ஒரு கொழுந்து பறித்தது. "மாணிக்கம்! திங்கிது! திங்கிதுங்க!" என்று அவர் கிளையிலிருந்து கத்திய கத்தலில் தெருவே விழித்துக்கொண்டது. குட்டியைப் பார்த்துத் தாயும், தாயைப் பார்த்து மற்றவையும் ஏறின. கடைசியாக, பெருமூச்சு விட்டுக்கொண்டு, தாசில்தாரும்.

நகராட்சிக்காரர்கள் அவற்றைக் குடுமியான்மலையில் விடுவதாக இருந்தார்கள். "கோயில் இருக்கிற மலை வேண்டாங்க. வாரவுக தேங்காயைக் குடுத்தே கெடுத்துருவாக" என்று அண்ணன் மன்றாடினார். எங்கள் சீமையில் கோயில் இல்லாத மலைக்கு எங்கே போவது? கடைசியில் குடுமியான்மலைக்கு அப்பால், அவருடைய சொந்த ஊரை ஒட்டி, ஆலைப் போலவே பழம் கொட்டும் இச்சிமரங்கள் அடர்ந்த, கோயில் இல்லாத ஒரு பாறைக்குன்றைக் கண்டுபிடித்தார். லாரியில் கூடவே போய் இறக்கிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்து வந்தார். ரிட்டயரானதும் அந்த ஊருக்கே குடிபோனார்.

அங்கே அவர் ஒரு தடவைகூட அவற்றுக்கு எதுவும் போடவில்லை. ஒருமுறை தாய்க்குரங்கு வீட்டுச் சுவரில் வந்து உட்கார்ந்து கையை நீட்டியதாம். அண்ணன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அது போகும்வரை தேம்பித் தேம்பி அழுதாராம். அண்ணி இதைச் சொன்னபோது அவர் பக்கத்திலேயே இருந்தார். "போடுறதுதாங்க சுளுவு" என்று மட்டும் சொன்னார்.

இறுதி ஊர்வலம் அந்தப் பாறையடி வழியாகத்தான் போயிற்று. "பாருங்க, இப்ப எறங்கி வரும். சோறு தின்ன நன்றி இருக்கும்ல" என்று யாரோ சொன்னார்கள். தூக்கிச் சென்றவர்கள் தாமாகவே நடையைத் தளர்த்தினார்கள். எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். இச்சிமரத்தில் குரங்குகள் இருந்தன. பெரிதும் சிறிதுமாக, நாங்கள் விட்டதைவிட அதிகமாகவே இருந்தன. தாரை தப்பட்டைச் சத்தத்துக்கு ஒன்றிரண்டு திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடி பழத்தைப் பறித்துத் தின்றன. "நன்றி கெட்டதுங்க" என்றார் பக்கத்தில் நடந்தவர். போய் வாருங்கள் அண்ணே என்று சொல்லி, வாய்க்கரிசி போட்டுவிட்டு வந்தேன்.

வீட்டுக்குத் திரும்பியதும் அண்ணி என்னைத் தனியே அழைத்துக் கேட்டார்.

"தம்பி, அதுங்க வந்துச்சா?"

"ஒண்ணுகூட வரலைங்க அண்ணி. மரத்துல பழம் தின்னுக்கிட்டு இருந்துச்சுங்க."

அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்பாடா" என்றார். "அவுக மனசு குளுந்திருக்கும்."